எண்ணெய்த் துளியைப் பிடித்து நிறுத்தும் விதைப் புரதம்: எங்கே சறுக்குகிறோம்?

யாங்கூனில் நம் வீடுகளில் எள்ளை ஊறவைத்து அரைத்து, பிழிந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், மறுநாள் மேலே கெட்டியாக ஓர் ஆடை மிதக்கும். எண்ணெய் பிரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கலக்கினால் திரும்பப் பாலாகிவிடும், ஏனென்றால் துளிகள் மேலே ஏறியிருக்கின்றனவே தவிர ஒன்றோடொன்று சேர்ந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் ஒலியோசின் என்ற புரதம் போர்த்தியிருக்கிறது.

எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து நிறுத்தும் பொருளாக்க இந்தப் புரதத்தை ஆய்வகத்தில் மாற்றியமைக்க இறங்கும் நம் பிள்ளைகளும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். துளிகள் மிதப்பதையும் அவை ஒன்றுசேர்ந்து எண்ணெய் பிரிவதையும் ஒன்றாக எண்ணி, நல்ல புரதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கண்ணை நம்பாமல் துளியின் அளவை அளந்து பாருங்கள். விதைக்குள் அது பெரும்பாலும் 0.5 முதல் 2 மைக்ரோமீட்டர்தான். கலக்கிய அன்று அளந்தது பத்து நாள் கழித்தும் அப்படியே இருந்தால், மேலே ஆடை கட்டினாலும் கவலையில்லை.

அடுத்தது புரதத்தில் கத்தரி வைப்பது. ஒலியோசினின் நடுப்பகுதி சுமார் 70 அமினோ அமில (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) நீளம், தண்ணீரை அறவே ஒதுக்கும். கொண்டை ஊசி மாதிரி மடிந்து எண்ணெய்க்குள் இறங்கி நிற்பது அதுதான், மடிப்பில் புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று உண்டு. பாக்டீரியாவில் தயாரிக்கும்போது இந்தப் பகுதியால்தான் புரதம் கரையாமல் கட்டி கட்டுகிறது, உடனே அதை வெட்டிக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் கரையும், சோப்பு போல வேலையும் செய்யும், சரி. ஆனால் விதையில் இருந்த பிடி அப்படியே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். செடியிலேயே அந்த மூன்று புரோலினையும் மாற்றிப் பார்த்தபோது, புரதம் எண்ணெய்த் துளிக்குப் போய்ச் சேரவே இல்லை. புதிதாக எதையாவது ஒட்டவேண்டுமா? தண்ணீர்ப் பக்கம் இருக்கும் இரண்டு முனைகளில் ஒட்டுங்கள்.

புளிப்பையும் மறக்கக் கூடாது. நடுநிலைத் தண்ணீரில் எல்லாத் துளிகளின் மேலும் ஒரே மாதிரி எதிர்மின் (நெகட்டிவ்) ஏற்றம் இருப்பதால் அவை விலகி நிற்கும். கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினால் அந்த ஏற்றம் குறைந்து திரள ஆரம்பிக்கும், உப்பு கூடினாலும் ஏறக்குறைய இதே கதை. குழம்பிலோ சாலட் சாஸிலோ போகப்போகிற பொருளை வெறும் தண்ணீரில் மட்டும் சோதித்து என்ன பயன்?

அப்புறம் ஒவ்வாமை. எள், நிலக்கடலை ஒலியோசின்கள் சிலருக்கு ஒவ்வாமை தருபவை என்பது தெரிந்த விஷயம், ஜீனைத் திருத்தியதாலேயே அந்தக் குணம் போய்விடாது. இந்த இரண்டு எண்ணெயும் இல்லாத சமையல் நம் ஊரில் ஏது, அதனால் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சாப்பாட்டுக்குப் போகிற பொருளானால் எந்த விதையின் புரதம் என்று லேபிளில் பெரிய எழுத்தில் போடுங்கள், பர்மிய மொழியிலும்.