பிரேசிலின் அரசு மருத்துவ அமைப்பான சுஸ்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தங்கச்சிக்குத் துணையாகப் பக்கத்துத் தெரு போஸ்துவுக்குப் போயிருந்தேன். போஸ்து என்றால் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி. கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து அவள் இங்கே, சாவ் பாவுலு மாநிலத்துக்கு, வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆறு வயது மகனுக்குக் காதுக்குள் நீர் கோத்து, கேட்பது குறைந்திருந்தது. காது மருத்துவரின் தேதிக்காக ஏழு மாதமாகக் காத்திருந்தாள். "இன்னும் கூப்பிடவே இல்லையே அக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மேசையில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: "ஃபாவ்தா." வர வேண்டியவர் வரவில்லை என்று அர்த்தம். தேதி வந்திருக்கிறது. மூன்று முறை போன் செய்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. அந்தத் தேதியும் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே சொல்லை நானும் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அடையாள அட்டையை மறக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

இது ஏழைகளுக்கான ஏற்பாடு என்று நினைப்பது

நிறுவனம் தனியார் காப்பீடு கொடுத்துவிட்டது, சுஸ் நமக்கு எதற்கு என்று பலர் பதிவே செய்வதில்லை. சுஸ் என்பது சிஸ்தேமா ஊனிகு ஜி சவூஜி, அதாவது ஒருங்கிணைந்த நலவாழ்வு அமைப்பு. அது வருமானம் கேட்காது. 1988-க்கு முன்பு இங்கே அரசு மருத்துவம் பெரும்பாலும் முறைப்படி வேலையில் இருந்து சந்தா கட்டியவர்களுக்குத்தான். மற்றவர்கள் சாந்தா காசா போன்ற தர்ம ஆஸ்பத்திரிகளின் வாசலில் நின்றார்கள். 1988 அரசியல் சாசனத்தின் 196-வது பிரிவு, நலவாழ்வு எல்லோருடைய உரிமை, அரசின் கடமை என்று எழுதிவைத்தது. 1990-இல் அதற்குச் சட்டம் வந்தது. அந்த 'எல்லோரும்' என்பதில் நாமும் உண்டு. 2017 குடியேற்றச் சட்டம், எந்த நாட்டவர், என்ன விசா என்று பார்த்துப் பொது மருத்துவத்தை மறுக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

காப்பீடு இருந்தாலும் தடுப்பூசிக்கு சுஸ்தான், தெருவில் மயங்கி விழுந்தால் வரும் வண்டியும் சுஸ்தான். வேலை போனால் காப்பீடும் போய்விடலாம். அன்றைக்குப் போய்ப் பதிவு செய்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். இங்கே வீடு கிடைத்த முதல் வாரமே போஸ்துவுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

எதற்கெடுத்தாலும் ஊபாவுக்கு ஓடுவது

ஊபா என்பது 24 மணி நேர அவசரப் பிரிவு. அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. செவிலியர் முதலில் பார்த்துக் கையில் ஒரு நிறப்பட்டை கட்டுவார். பெரும்பாலான இடங்களில் மான்செஸ்டர் முறைதான்: சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் ஒரு மணி நேரம், பச்சை 2 மணி, நீலம் 4 மணி. சளிக்குப் போனால் பச்சையோ நீலமோதான். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு நெஞ்சுவலியாக இருக்கும்.

நாள்பட்ட வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாமே போஸ்துவில்தான். சிறப்பு மருத்துவருக்கு வழி பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊபாவில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

கதாஸ்த்ருவில் தவறான எண்

இதுதான் அந்தத் தங்கச்சிக்கும் எனக்கும் நடந்தது. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

போஸ்து மருத்துவர் உங்களைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப ஒரு பரிந்துரை எழுதுவார். அதற்கு எங்கமின்யமென்து என்று பெயர். பலர் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தாள் எங்கும் போகாது. மேசையில் ஒருவர் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அது ஹெகுலசாவ் என்ற ஒழுங்குமுறைப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒரு மருத்துவர் உட்கார்ந்து, எழுதியிருப்பதைப் படித்து, யார் முதலில், யார் பிறகு என்று பிரிப்பார். அவர் உங்களைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிவது போஸ்து மருத்துவர் எழுதிய நாலு வரிதான். அதனால் போஸ்துவில் வாயைத் திறந்து முழுவதையும் சொல்லுங்கள். 'தோள் வலிக்கிறது' என்றால் அந்த நாலு வரியில் வலி மட்டும்தான் இருக்கும். 'கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, ராத்திரி தூக்கமில்லை, மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை' என்றால் அதுவும் சேரும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு வாகா என்று பெயர். இனி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எதை வைத்து? உங்கள் கதாஸ்த்ருவில், அதாவது பதிவில், இருக்கும் தொலைபேசி எண்ணை வைத்து. எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகிறது.

எனக்குத் தோள் பிரச்சினை. எலும்பு மருத்துவருக்காகப் பத்து மாதம் காத்திருந்தேன். நடுவில் மலிவான திட்டம் கிடைக்கிறது என்று சிம்மை மாற்றினேன். வங்கியில் சொன்னேன், மகள் பள்ளியில் சொன்னேன், போஸ்துவில் சொல்லத் தோன்றவே இல்லை. கூப்பிட்டிருக்கிறார்கள், பழைய எண் செத்துக் கிடந்தது. ஃபாவ்தா. மறுபடி மருத்துவரைப் பார்த்து, மறுபடி எங்கமின்யமென்து வாங்கி, மறுபடி முதலிலிருந்து. அந்த இடைவெளியில் தோள் இறுகிப்போனது. இன்றைக்கும் மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க வலது கை முழுதாக ஏறாது.

அந்தத் தங்கச்சி சிம்மை மாற்றவில்லை. அவள் விஷயத்தில் நடந்தது இன்னும் வருத்தமானது. முதல் நாள் எண்ணை வாயால் சொல்லியிருக்கிறாள். போர்த்துகீசில் ஆறுக்கு செய்ஸ், மூன்றுக்கு த்ரேய்ஸ். சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் இங்குள்ளவர்கள் எண்களைச் சொல்லும்போது ஆறை மேயா என்பார்கள். மேயா என்றால் பாதி. அரை டஜன் ஆறு என்ற கணக்கில் வந்த சொல். பாடப்புத்தகத்தில் படித்த செய்ஸை அவள் சொல்ல, எதிரில் இருந்தவர் த்ரேய்ஸ் என்று அடித்திருக்கிறார். ஏழு மாதமும் யாரோ ஒருவருடைய எண் அந்தப் பையனின் பெயருக்கு எதிரே இருந்திருக்கிறது. வகுப்பில் டீச்சர் சொல்வது பாதி கேட்காமல் அவன் உட்கார்ந்திருந்த ஏழு மாதம். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லாத எங்கள் எல்லார்மேலும்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். எண்ணைத் தாளில் எழுதி நீட்டுங்கள். ஊர்க்குறியீடு இரண்டு இலக்கம், அப்புறம் 9-இல் தொடங்கும் ஒன்பது இலக்கம். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். இன்னொருவரின் எண்ணையும் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய், வரிசையில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிலா என்றால் வரிசை, அந்த ஒரு சொல் போதும். பரிந்துரையின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை அழைப்புகளின் தொல்லை தாங்காமல் தெரியாத எண்ணை எடுக்காமல் விடும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. காத்திருக்கும் மாதங்களில் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வாசலில் கை தட்டுபவருக்குக் கதவைத் திறக்காதது

இங்கே அழைப்புமணி இல்லாத வீடுகளில் வாசலில் நின்று கை தட்டுவார்கள். நான் வந்த புதிதில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பையோடு, பலகையில் ஒரு படிவத்தோடு ஒரு பெண் நின்றார். ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று உள்ளேயே இருந்துவிட்டேன். அவர் அஜென்ச்சி கொமுனிதாரியா, நம் பகுதியின் சுகாதாரப் பணியாளர். சட்டப்படி அவர் தான் வேலை செய்யும் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும். மருத்துவர், செவிலியரோடு சேர்ந்த குடும்ப நலக் குழுவில் அவரும் ஒருவர். 1994-இல் தொடங்கிய திட்டம் இது. யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை, எந்தத் தொட்டியில் கொசு என்பது அவருக்குத் தெரியும். போன் கிடைக்காதபோது தேதியைச் சொல்ல நேரில் வரக்கூடியவரும் அவர்தான். காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

'ர' என்று வாசிப்பது

போர்த்துகீசில் சொல்லின் தொடக்கத்தில் எழுத்து 'ர', வாயில் 'ஹ'. மருந்து ஹெமேஜியு. மறுபடி காட்டப் போவது ஹெதோர்னு. மருந்துச்சீட்டு ஹெசேய்தா, சமையல் குறிப்புக்கும் அதே சொல்தான்.

அந்த ஹெசேய்தாவில் முகவரியைப் பார்க்காமல் கிளம்புவது

ஃபார்மாசியா பொபுலார் என்று தனியார் மருந்துக்கடைகள் வழியாக அரசு மருந்து கொடுக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே இலவசம். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டும் செல்லும். ஆனால் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், தேதி, உங்கள் முகவரி இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள்.

வேறு ஊருக்குப் போனால் வரிசையும் கூட வரும் என்று நம்புவது

வராது. நாடு முழுக்க ஒரே சுஸ்தான், ஆனால் வரிசையை நடத்துவது அந்தந்த நகராட்சியும் மாநிலமும். முடிந்தால் தேதி வரும்வரை குடிமாறுவதைத் தள்ளிப்போடுங்கள்.

192 தெரியாமல் இருப்பது

சாமூ. ஆம்புலன்ஸ். காசு இல்லை. குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே புதிய பரிந்துரை எழுதி வாங்கினோம். கேட்பது குறைந்ததால் வகுப்பில் பின்தங்குகிறான் என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தோம். மருத்துவர் அதையும் சேர்த்தே எழுதினார். மேசையில் இருந்த அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தங்கச்சி விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். கடைசிக்கு முந்தையதில் நிறுத்தி, சத்தமாக, "மேயா" என்றாள். அந்த அம்மா மூன்றை அழித்துவிட்டு ஆறை அடித்தார்.