துயிலும் கூட்டுப்புழுவின் நோய் எதிர்ப்பை அளப்பது எப்படி

குளிர்காலத்தில் பூச்சியின் நோய் எதிர்ப்பு குறைகிறதா, கூடுகிறதா? இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. இனத்துக்கு இனம் மாறும். ஒரே பூச்சியில்கூட இரத்த அணுக்கள் குறைந்து, நுண்ணுயிர்களைக் கொல்லும் புரதங்கள் கூடலாம். ஆனால் ஆய்வு முடிவுகள் முரண்படுவதற்குப் பூச்சி மட்டும் காரணமில்லை. குளிரின் விளைவையும் டயபாஸின் விளைவையும் பிரிக்காமல் அளப்பதும் ஒரு காரணம். டயபாஸ் என்பது பகல் நீளம் குறைவதை உணர்ந்து, குளிர் வரும் முன்பே ஹார்மோன் வழியாகப் பூச்சி தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வது. வெதுவெதுப்பான அறையிலும் அது தொடரும். குளிரோ எல்லா வேதிவினைகளையும் மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியே அளக்கும் முறையைக் கீழே தருகிறோம். முதுநிலை விலங்கியல் ஆய்வகத்தில் இதைச் செய்யலாம்.

எந்தப் பூச்சி

துயிலும் பூச்சி பாதுகாப்பற்றது அல்ல. 1981இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் போமன் குழுவினர் செக்ரோபின் என்ற நுண்ணுயிர்க் கொல்லிப் புரதத்தை அறிவித்தார்கள். அது கிடைத்ததே டயபாஸில் இருந்த செக்ரோபியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்துதான். துயிலும் உடல் வேறு புரதங்களை அதிகம் தயாரிப்பதில்லை. அதனால் பாக்டீரியாவைச் செலுத்தியதும் புதிதாக உருவாவது பளிச்சென்று தெரியும்.

ஆனால் நம் சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் துயிலாத கூட்டுப்புழுக்களும் வேண்டும். எனவே சீன ஓக் பட்டுப்புழுவை, அதாவது அந்தீரியா பெர்னியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்ட் டசர் பட்டுப்புழுவின் நெருங்கிய உறவு இது. இதன் டயபாஸை விளக்கு நேரத்தாலேயே தீர்மானிக்கலாம். கூட்டுப்புழு சில கிராம் எடை இருப்பதால் ஒன்றிலிருந்தே எல்லா அளவீடுகளுக்கும் இரத்தம் கிடைக்கும்.

வளர்ப்பும் குழுக்களும்

ஒரே தாயின் முட்டைகளை இரண்டாகப் பிரியுங்கள். இரு பாதிக்கும் 25 டிகிரி செல்சியஸ், ஒரே மரத்து ஓக் இலை. ஒன்றுக்கு நாளுக்கு 12 மணி நேர வெளிச்சம், மற்றதற்கு 17 மணி நேரம். முதல் பாதி டயபாஸில் நிற்கும். இரண்டாவது பாதியில் சுமார் மூன்று வாரத்தில் அந்துப்பூச்சி வெளிவரும். கூடு கட்டி பத்து நாள் ஆனதும் கூட்டின் நுனியைக் கத்தரித்துப் புழுவை வெளியே எடுத்து, ஆண் பெண் பிரித்து, எடை குறித்துவையுங்கள்.

இனி நான்கு குழுக்கள்: டயபாஸ் 25 டிகிரியில், டயபாஸ் 5 டிகிரியில், டயபாஸ் இல்லாதது 25 டிகிரியில், டயபாஸ் இல்லாதது 5 டிகிரியில். ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு: பாக்டீரியா செலுத்தியவை, வெறும் உப்புநீர் செலுத்தியவை, தொடாதவை. பிரிவுக்குக் குறைந்தது 8 என்றாலும் 96 கூட்டுப்புழுக்கள் வேண்டும். இரத்தம் எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் புழுக்கள் தேவை என்பதால் எண்ணிக்கை இன்னும் ஏறும். கைவசம் அவ்வளவு இல்லையென்றால் எடுக்கும் நாட்களைக் குறையுங்கள். உப்புநீர்ப் பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊசி குத்தும் காயமே எதிர்ப்பைத் தூண்டும். துயிலும் செக்ரோபியாவில் ஒரு காயம் மட்டுமே ஆக்சிஜன் செலவைப் பெருமளவு உயர்த்துவது 1960களிலேயே தெரிந்துவிட்டது. இதே காரணத்தால், ஒருமுறை இரத்தம் எடுத்த புழுவை அடுத்த அளவீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பலரும் சறுக்கும் இடம் வெளிச்சம். பெர்னியின் மூளைக்கு மேலே கூட்டுப்புழுத் தோல் ஒளி ஊடுருவும் சன்னலாக இருக்கிறது. நீண்ட பகல் அதன் வழியே நுழைந்து டயபாஸை உடைத்துவிடும். இரவு பத்து மணிவரை விளக்கு எரியும் ஆய்வக மேசையில் 25 டிகிரிக் குழுவை வைத்தால், சில வாரத்தில் உங்களிடம் டயபாஸ் குழுவே இருக்காது. நேரக் கருவி பொருத்திய இன்குபேட்டரில் 12 மணி நேர ஒளியிலேயே வையுங்கள்.

அடுத்தது குளிரின் நீளம். பல வாரக் குளிர் டயபாஸைத் தானே முடித்துவைக்கும். பிறகும் 5 டிகிரியில் புழு அசையாமல் கிடக்கும், ஆனால் அதை நிறுத்திவைத்திருப்பது குளிர் மட்டுமே. காட்டில் நடுக்குளிரில் பொறுக்கிய பூச்சியை 'டயபாஸ்' என்று எழுதிய கட்டுரைகளை இந்தச் சந்தேகத்தோடு படியுங்கள். சரிபார்க்க, ஒவ்வொரு நான்கு வாரமும் ஐந்து புழுக்களை 25 டிகிரிக்கு, 12 மணி நேர ஒளிக்கு மாற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பூச்சியாக வெளிவந்தால் அந்தத் தொகுதியில் டயபாஸ் முடிந்துவிட்டது.

செலுத்துவதும் எடுப்பதும்

ஆய்வக ஈ. கோலை கே-12 பாக்டீரியாவை இரவு முழுக்க வளர்த்து, மலட்டு உப்புநீரில் மூன்று முறை கழுவி, 10 மைக்ரோலிட்டரில் 10 லட்சம் செல் இருக்கும்படி கலக்குங்கள். புழுவின் வயிற்றை 70 சதவீத எத்தனாலால் துடைத்து, இரு வளையங்களுக்கு இடையிலுள்ள மென்தோலில், முதுகு நடுக்கோட்டிலிருந்து விலகி, ஊசியைச் சாய்வாகச் செலுத்துங்கள். நடுக்கோட்டில் இதயக்குழாய் ஓடுகிறது. ஆழமாகப் போனால் குடல் கிழிந்து, குடல் பொருள் இரத்தத்தில் கலந்துவிடும். குத்திய இடத்தை உருக்கிய மெழுகால் மூடுங்கள்.

25 டிகிரியில் 24, 48 மணி நேரத்தில் இரத்தம் எடுக்கலாம். 5 டிகிரியில் அதே 24 மணி நேரத்தில் எடுத்துவிட்டு 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதுவது தவறு. குளிரில் புரத உற்பத்தி மெதுவாகத்தான் நடக்கும். 2, 4, 8, 14ஆம் நாட்களில் பாருங்கள்.

எடுக்கும்போது புழுவைப் பனிக்கட்டியில் 15 நிமிடம் வைத்து, இறக்கையுறையின் அடியில் குத்தி, சொட்டைக் குளிர்ந்த குழாயில் பிடியுங்கள். பூச்சி இரத்தம் காற்றுப் பட்டதும் கறுக்கும். அதைத் தடுக்க ஃபீனைல்தயோயூரியா படிகம் இரண்டு மூன்று போதும். அது கடும் நச்சு, கையுறை அவசியம். ஆனால் ஃபீனால் ஆக்சிடேஸை (இரத்தத்தைக் கறுக்கவைக்கும் நொதி) அளக்கப் போகும் மாதிரியில் அதைப் போடவே கூடாது, ஏனென்றால் அது தடுப்பதே அந்த நொதியைத்தான். அந்தப் பங்கை, 10 மைக்ரோலிட்டர் அளவுக்கு, நேராக 490 மைக்ரோலிட்டர் பனிக்குளிர் பஃபரில் விடுங்கள்.

மூன்று அளவீடுகள்

இரத்த அணு எண்ணிக்கை: உறைவுத் தடுப்பான் கரைசலில் பத்து மடங்கு நீர்த்து, நியூபவர் அறையில் (அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) எண்ணுங்கள். ஒரு பெரிய மூலைச் சதுரத்தின் சராசரி × 10 × 10,000 என்பது மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை. மாதக்கணக்கில் காயும் புழுவில் நீர் குறைந்து இரத்தம் அடர்த்தியாவதால், அணுக்கள் பெருகாமலே எண்ணிக்கை ஏறும். அதனால் வாரந்தோறும் எடை பாருங்கள். ஈரப்பதத்தை 70 சதவீதத்தில் வைத்தும் எடை 15 சதவீதத்துக்கு மேல் இறங்கிய புழுவை விலக்கிவிடுங்கள்.

ஃபீனால் ஆக்சிடேஸ்: எல்-டோபா (இந்த நொதி நிறமாக்கும் பொருள்) சேர்த்து 490 நானோமீட்டரில் நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடம் படியுங்கள். கோட்டின் நேரான பகுதியின் சரிவுதான் விடை. இன்னொரு பங்கில் முதலில் கைமோட்ரிப்சின் சேர்த்து 20 நிமிடம் வைத்தால், செயலற்றுக் கிடக்கும் முன்னோடி நொதியும் கணக்கில் வரும். இரண்டாவது எண் உயர்ந்தே இருந்து முதலாவது மட்டும் தாழ்ந்தால், ஆயுதம் கையிருப்பில் இருக்கிறது, எடுக்கவில்லை என்று பொருள். கையிருப்பே தீர்ந்த நிலையோடு அதைச் சேர்க்கக் கூடாது.

நுண்ணுயிர்க் கொல்லிப் புரதம்: பாக்டீரியா கலந்த மெல்லிய அகார் தட்டில் 3 மில்லிமீட்டர் குழி, அதில் 3 மைக்ரோலிட்டர் இரத்தம், இரவு முழுக்க 37 டிகிரி. மறுநாள் தெளிந்த வட்டத்தின் விட்டம். மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் பாக்டீரியாத் தட்டில், பாக்டீரியாவின் செல்சுவரைச் சிதைக்கும் லைசோசைமின் வேலை தெரியும். ஈ. கோலை தட்டில் முக்கியமாக செக்ரோபின் போன்றவற்றின் வேலை தெரியும். ஃபீனைல்தயோயூரியா மட்டும் கலந்த உப்புநீருக்கும் ஒரு குழி ஒதுக்குங்கள்.

37 டிகிரித் தட்டு காட்டுவது எவ்வளவு புரதம் உருவானது என்பதை மட்டுமே. 5 டிகிரி உடலுக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது. அதற்கு, குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் தட்டை 5 டிகிரியில் பல நாள் வைத்துப் பாருங்கள். ஃபீனால் ஆக்சிடேஸையும் அதே வெப்பநிலையில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

எண்களைப் படிப்பது

டயபாஸ் குழு இரு வெப்பநிலையிலும் ஒரே திசையில் விலகினால் அது டயபாஸின் விளைவு. 5 டிகிரியில் இரு குழுக்களும் ஒன்றாக இறங்கினால் குளிரின் விளைவு. டயபாஸ் இல்லாத புழு 5 டிகிரியில் நீண்ட நாள் தாங்காது. அதன் இரண்டாவது வார எண்களில் குளிரால் வந்த பாதிப்பின் பங்கும் கலந்திருக்கும், அதனால் ஒப்பீட்டை முதல் நான்கு நாட்களோடு நிறுத்துவதே நல்லது. நீண்ட குளிரின் போக்கை டயபாஸ் குழுவுக்குள்ளேயே, வாரவாரமாகப் பாருங்கள். கொழுப்புறுப்புதான் குளிர்கால எரிபொருளின் கிடங்கு, நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்களைத் தயாரிக்கும் இடமும் அதுவே. உண்ணாமல் கிடக்கும் உயிருக்கு ஒவ்வொரு போராட்டமும் திரும்ப நிரப்ப முடியாத செலவு. எனவே எதிர்ப்பு அளவோடு கொழுப்புறுப்பின் உலர் எடையையும் குறித்துவந்தால், கடைசி வாரங்களின் சரிவு டயபாஸால் வந்ததா, பசியால் வந்ததா என்று பிரிக்க முடியும்.

மிஞ்சிய கூட்டுப்புழுக்களை மைனஸ் 20 டிகிரியில் இரண்டு நாள் உறையவைத்து அப்புறப்படுத்துங்கள். பெர்னி நம் காடுகளின் பூச்சி அல்ல, ஒரு பெண்கூட வெளியே பறக்கக் கூடாது. தட்டுகளும் ஊசிகளும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் ஆன பிறகே குப்பைக்கு.