எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா, எடுத்தால் எப்போது?

புது வண்டி டெலிவரி எடுக்கிற அன்று முன்னால் வைக்கிற காகிதக் கட்டில் எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் பாதுகாப்பு தொடரக் காசு கொடுத்து வாங்குகிற நீட்டிப்பு) படிவமும் ஒன்று இருக்கும். அன்றைக்கு அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் வாரண்டி க்ளைம் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். எந்த க்ளைம் பாஸாகும், எது திரும்பி வரும் என்று ஃபைலைப் புரட்டும்போதே ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வாங்குவது தப்பில்லை, அவசரப்படுவதுதான் தப்பு.

டெலிவரி அன்று உங்களுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், நாலாவது வருஷம் வண்டி உங்களிடம் இருக்குமா, அந்த மாடலுக்கென்று ஏதாவது தீராத வியாதி உண்டா, எதுவும் தெரியாது. விற்பவருக்கு அதில் கமிஷன் உண்டு என்பது மட்டும் தெரியும். போதாக்குறைக்கு அந்தத் தொகையை வண்டிக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். கம்பெனி வாரண்டி மூன்று வருஷம் என்றால், நாலாவது வருஷம் தொடங்கப்போகிற ஒரு பாதுகாப்புக்கு இன்றிலிருந்தே வட்டி கட்ட ஆரம்பிக்கிறீர்கள்.

ஆனால் அன்றைக்கே கேட்டு வைக்க வேண்டியது ஒன்று உண்டு. "இதை எடுக்கக் கடைசித் தேதி எது? ஒவ்வொரு கட்டத்திலும் விலை எவ்வளவு?" சில கம்பெனிகளில் முதல் சில மாதம் ஒரு விலை, முதல் வருஷம் முடிந்தால் ஒரு விலை, கம்பெனி வாரண்டி முடியும் தறுவாயில் இன்னொரு விலை என்று படிப்படியாக ஏறும். சிலர் குறிப்பிட்ட நாளோ கிலோமீட்டரோ தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். விலைப் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டங்களுக்கு இடையே வித்தியாசம் சொற்பம் என்றால், கம்பெனி வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போது நினைவூட்டும்படி போனில் குறித்து வையுங்கள். வித்தியாசம் கையைக் கடிக்கும் என்றால், மலிவான கட்டத்தின் கடைசி வாரம்தான் உங்கள் தேதி. இரண்டில் எதுவானாலும் யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. பெரும்பாலோர் இதைப் போட்டே பார்ப்பதில்லை. பெரும்பாலான வாரண்டிகளில் வருஷம், கிலோமீட்டர் இரண்டும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அத்தோடு முடிந்தது. கம்பெனி வாரண்டி 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், நீட்டிப்பு 5 வருஷம் அல்லது 1,20,000 கிலோமீட்டர் வரை என்று வையுங்கள். வருஷத்துக்கு 35,000 ஓட்டுகிறவருக்கு மூன்று வருஷம் நிறைவதற்குள்ளேயே ஒரு லட்சம் தாண்டிவிடும். மிச்சம் இருக்கும் 20,000 கிலோமீட்டர் ஏறக்குறைய ஏழு மாதத்தில் ஓடித் தீர்ந்துவிடும். அவர் காசு கொடுத்தது இரண்டு வருஷத்துக்கு, கிடைப்பது ஏழு மாதம். வருஷத்துக்கு 6,000 மட்டும் ஓட்டுகிறவருக்கு ஐந்து வருஷம் முடிந்தாலும் மீட்டரில் 30,000தான் இருக்கும். அந்த ஓட்டத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் மட்டும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். வருஷத்துக்கு 15,000லிருந்து 22,000 வரை ஓட்டி, வண்டியை ஆறேழு வருஷம் வைத்திருக்கப் போகிறவருக்குத்தான் இந்தக் காகிதம் முழுசாக உழைக்கும்.

பிறகு, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், சாதாரண ஸ்டீரியோ என்றால் பயப்பட அதிகமில்லை. ஏசி கம்ப்ரஸர், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ் மாட்யூல், இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம். டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் கதை வேறு. அதில் மெக்கட்ரானிக்ஸ் என்று ஒரு யூனிட் இருக்கும்; ஆயில் வால்வுகளும் அவற்றை இயக்குகிற கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள். உள்ளே ஒரு சென்சார் போனாலும் சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் யூனிட்டையே மாற்றச் சொல்லும். டீசலில் ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர், டர்போ, புகை வடிகட்டி. புது வண்டிகளில் டேஷ்போர்டின் பாதியை அடைக்கிற ஸ்க்ரீன், பம்பருக்குப் பின்னால் ரேடார். இவற்றில் எதுவுமே சில்லறைச் செலவோடு விடாது. எலக்ட்ரிக் கார் என்றால் பேட்டரிக்குத் தனி வாரண்டி இருக்கும், பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதனால் நீட்டிப்பில் பார்க்க வேண்டியது ஆன்போர்ட் சார்ஜர், டிசி கன்வர்ட்டர், ஏசி, ஸ்க்ரீன் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்பதை.

ஒரு மாடலில் எல்லோருக்கும் ஒரே பழுது வந்தால், சில சமயம் கம்பெனியே இலவசமாக வாரண்டியை நீட்டிவிடும். சீனாவில் ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி என்ற தன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 2012இல் 10 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் என்று வாரண்டியை நீட்டியது. அடுத்த வருஷம் 3,84,181 கார்களைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தது; இதைத்தான் ரீகால் என்பார்கள். ரீகால் என்று வந்தால் உங்கள் வாரண்டி முடிந்திருந்தாலும் அந்த வேலை பொதுவாக இலவசம்தான். அதனால் காசு கட்டுமுன் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து நிலுவையில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இப்போது பணம். இதை விற்கிற நிறுவனம் வசூலிக்கிற தொகையில்தான் க்ளைம், கமிஷன், ஆபீஸ் செலவு, லாபம் எல்லாம் வர வேண்டும். ஆகவே சராசரியாகப் பார்த்தால் வாங்குகிறவர் கொடுப்பது அதிகம், பெறுவது குறைவு. அதோடு, உற்பத்திக் குறை இருந்தால் முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே தலைகாட்டிவிடும், அதைக் கம்பெனி வாரண்டி பார்த்துக்கொள்ளும். தேய்ந்து போகிற காலம் எட்டு, பத்து வருஷத்துக்கு மேல். நீட்டிப்பு வருவது இரண்டுக்கும் நடுவில், வண்டி இருப்பதிலேயே சாதுவாக இருக்கிற காலத்தில். இதெல்லாம் தெரிந்தும் சிலருக்கு நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். "வண்டி ரிப்பேர் ஆகுமா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "கியர்பாக்ஸ் பில் ஒன்று நாளைக்கே வந்தால் கடன் வாங்காமல் கட்ட முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் வாரண்டிக்குக் கேட்கிற தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் அது உங்கள் பணம். முடியாது, அந்த ஒரு பில்லில் வீட்டு வரவுசெலவே ஆட்டம் கண்டுவிடும் என்றால் எடுங்கள், சராசரிக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

எடுப்பது என்று முடிவானால், விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு முழு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். முதலில், பின்னால் இருப்பது யார்? வண்டி தயாரித்த கம்பெனியா, டீலர் கைகோத்த இன்சூரன்ஸ் நிறுவனமா, பேர் கேள்விப்படாத மூன்றாம் ஆளா? கம்பெனியுடையது என்றால் பொதுவாக எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். மூன்றாம் ஆள் என்றால் முன்அனுமதி வாங்கு, முதலில் நீ கட்டு, பிறகு தருகிறோம் என்பார்கள். அந்த நிறுவனமே கடையை மூடினால் கையில் இருப்பது வெறும் தாள். அடுத்து, பட்டியலின் வகை. "இவை மட்டும் சேரும்" என்று பட்டியல் போட்ட ஒப்பந்தத்தைவிட, "இவை தவிர எல்லாம் சேரும்" என்பது மேல். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், வைப்பர் எதிலும் சேராது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆயில் சீல், கேஸ்கெட், ரப்பர் ஹோஸ், வயரிங் ஆகியவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு க்ளைமுக்கு உச்சவரம்பு, ஒவ்வொரு தடவையும் நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகை, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற கூலி யார் தலையில் என்பதையும் பாருங்கள். க்ளைம் நிராகரிக்கப்பட்டால் பிரித்த கூலி வண்டிக்காரர் தலையில்தான் விழும். பிரிப்பதற்கு முன்பே அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

நிராகரிப்பு எப்படி நடக்கும் என்று ஒரு ஃபைலைக் காட்டுகிறேன். கூலன்ட் ஹோஸ் ஒன்று வெடித்தது. ஹோஸ் ரப்பர், பட்டியலில் இல்லை. எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனது. அது பட்டியலில் இருந்தது. "வெப்பநிலை ஊசி சிவப்புக்குப் போன உடனே ஓரங்கட்டிவிட்டேன்" என்றார் வண்டிக்காரர். ஸ்கேனரை மாட்டினோம். பழுதுக் குறியீடு பதிவாகிற அந்த நொடியின் வெப்பநிலை, வேகம், எஞ்சின் சுற்று எல்லாவற்றையும் எஞ்சின் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கும். அந்த வண்டியில் குறியீடு விழுந்தபோது இருந்த கிலோமீட்டரும் பதிவாகியிருந்தது. மீட்டரில் இருந்ததோடு ஒப்பிட்டால், அதற்குப் பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. வாரண்டியில் சேராத பாகத்தால் வந்த சேதம், எச்சரிக்கை வந்தும் ஓட்டியது என்று இரண்டு காரணம் எழுதி க்ளைம் திரும்பி வந்தது. எச்சரிக்கை விளக்கு சிவப்பில் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சர்வீஸ் பில் இன்னொரு பெரிய காரணம். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். தவணை தாண்டிப் போனால் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை பொறுப்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். வெளி ஆளிடம் எஞ்சின் ட்யூனிங் செய்வது, வயரை வெட்டி லைட் மாட்டுவது இதெல்லாம் க்ளைமுக்கு எமன்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்று: கம்பெனி வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் முழுப் பரிசோதனை கேளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிற கடகட, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறல், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சத்தம், எஞ்சின் அடியில் ஆயில் கசிவு, எது தோன்றினாலும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். "இந்த மாடலில் இது இயல்புதான் சார்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தப் பதிலையும் ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். வாரண்டிக்குள் பதிவான புகார் பிறகு பெரிதானால், பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். கியர்பாக்ஸ் அந்தப் பரிசோதனையிலேயே உதறினால் நீட்டிப்பு எடுப்பதா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த உதறலைக் கம்பெனி செலவில் சரி செய்ய வைத்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள். ஏற்கெனவே இருந்த பழுது என்று சொல்லி நீட்டிப்புக்காரர்கள் கையை விரிப்பார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள், வாரண்டி முடிந்த பிறகு விழித்துக்கொண்டவர்கள் இவர்களுக்கும் திட்டங்கள் உண்டு. பரிசோதனை, காத்திருப்புக் காலம், குறைவான க்ளைம் உச்சவரம்பு எல்லாம் கூடவே வரும். அந்தத் தொகையில் நம்பகமான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுவது பல சமயம் லாபம். "உங்கள் வாரண்டி இன்றோடு முடிகிறது" என்று போனில் யாராவது அவசரப்படுத்தினால் லைனை வைத்துவிட்டு, தேதியை உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

வண்டியை இடையில் விற்றால் நீட்டிப்பைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற முடியுமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்று இப்போதே கேட்டு ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தில் பேனாவால் குறித்து வையுங்கள். மாற்ற முடிகிற வாரண்டி கையில் இருந்தால் விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.