ஆணி இல்லை, ஆனாலும் காற்று இறங்குகிறதா?

டியூப்லெஸ் டயரில் காற்று வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்துகொண்டே வருகிறது, ஆணி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் ரிம்மைச் சந்தேகியுங்கள். இந்த டயருக்குள் தனி டியூப் கிடையாது; அதனால் காற்று வெளியேறாமல் இருக்க, இருபுறமும் அதன் விளிம்பு ரிம்மோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். அங்கே இரும்பு ரிம்மில் துருவும் அலாய் ரிம்மில் வெள்ளைப் பொடியும் படர்ந்தால் நுண்ணிய இடைவெளி விழுந்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும்.

சோப்பு நீரை வால்வைச் சுற்றியும், டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் இருபுறமும் ஊற்றிப் பாருங்கள். வண்டியை நோக்கி இருக்கும் உட்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், பலரும் அங்கே பார்ப்பதே இல்லை. வால்வில் குமிழி வந்தால் அதை மாற்றினால் போதும். விளிம்பில் வந்தால் டயரைக் கழற்றி, அரிப்பைக் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தேய்த்து வழவழப்பாக்கி, பீட் சீலர் (டயர் விளிம்பில் கசிவை அடைக்கும் பசை) தடவி மாட்டச் சொல்லுங்கள். கையோடு வீல் பேலன்சிங்கும் செய்துவிடுங்கள். ரிம்மில் ஆழமான குழிகளோ விரிசலோ இருந்தால் ஒட்டுவேலை வேண்டாம், ரிம்மையே மாற்றுங்கள். அதுவரை தினமும் காற்றழுத்தம் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடாகி வெடிக்கக்கூடும்.