ஓப்பனிங்கில் கை முந்தினால்

மாவட்டச் சதுரங்கப் போட்டிகளில் புதிய பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் செய்த தவறுகளில் ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை என்று தெரிகிறது. ராணியைச் சும்மா கொடுப்பது, கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்ற) மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஆட ஆட அவை தாமே போய்விடும்.

பாடத்தை ஒப்பிப்பது

இது மட்டும் போவதில்லை. காரோ-கான் தடுப்பையே பாருங்கள். வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு ஆடும் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க வரிசை, அது. (இ4 போன்றவற்றில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை.) வெள்ளை இ4, கறுப்பு சி6. பிறகு டி4, டி5. வெள்ளைக் குதிரை சி3-க்கு வருகிறது. கறுப்பு இ4-ல் சிப்பாயை வெட்ட, குதிரை திருப்பி வெட்டுகிறது. கறுப்பு ஒரு குதிரையை டி7-க்குக் கொண்டுவருகிறது. அடுத்தது இன்னொரு குதிரை எஃப்6-க்கு என்பது பாடம்.

இந்த இடத்தில் வெள்ளை ராணியை இ2-ல் வைக்கிறது. சொந்த பிஷப்பின் வழியையே அடைக்கும் அசட்டு நகர்த்தல் போலத் தெரியும். கறுப்பு பாடப்படி குதிரையை எஃப்6-ல் வைத்தால், வெள்ளைக் குதிரை டி6-ல் வந்து அமரும். செக்மேட்! இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது. சிப்பாய் விலகினால் ராஜா இ2 ராணியின் நேர்ப்பார்வையில் நிற்பார்.

1950-ல் போலந்தில் நடந்த சர்வதேசப் போட்டியிலேயே எஸ்தோனிய ஆட்டக்காரர் பால் கெரஸ் 6-வது நகர்த்தலில் இந்த மேட்டை வைத்திருக்கிறார். அங்கே எஃப்6 குதிரை முதலில், டி7 குதிரை பிறகு. வரிசை மாறினாலும் முடிவு மாறவில்லை.

என்னிடம் பயிலும் ஒரு பையன் இப்படித்தான் தோற்றுவிட்டு வந்தான். கடிகாரத்தில் ஏறக்குறைய முழு நேரமும் மிச்சம்.

"வீடியோவில் குதிரை எஃப்6 என்றுதான் சொன்னார்கள் சார்."

"ராணி இ2-க்கு வருவதையும் காட்டினார்களா?"

"இல்லை சார்."

எரிச்சல் அவன் மீதல்ல. இருபது நகர்த்தல்களை அச்சடித்துக் கொடுத்து, எதற்காக என்று ஒரு வரிகூடச் சொல்லாத பயிற்சியாளர்கள் மீது. அந்த நிலையில் டி7-ல் இருக்கும் குதிரையையே எஃப்6-க்கு நகர்த்தினால் போதும். ராணிக்கு வழி திறந்துவிடும். டி6-க்கு வரும் குதிரையை வெட்டிவிடலாம்.

கோட்டை கட்டும்போது யானையை முதலில் தொடுவது

ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். நடுவர் வந்துவிட்டால் வாதம் எடுபடாது.

நகர்த்தும் முன்பே நகர்த்தலைத் தாளில் எழுதுவது

விதிப்படி கூடாது. டிரா கோரும்போது விலக்கு உண்டு.