பூக்காரரிடம் பேசும் முன்: கல்யாணப் பூக்களில் எங்கே சறுக்குகிறோம்

கல்யாணத் தேதி முடிவான மறுநாளே பலர் செய்யும் முதல் காரியம், போனில் பூப் படங்களைச் சேகரிப்பது. ஒரு மாதத்தில் அது நூறைத் தாண்டிவிடும். அப்புறம் பூக்காரர் முன்னால் உட்கார்ந்து போனை நீட்டி, "இந்த மாதிரி வேண்டும்" என்கிறோம். அவரும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார். ஒரு படத்தில் வெள்ளை ரோஜாக்கள் இடைவெளியே இல்லாமல் கட்டியிருக்கின்றன. அடுத்ததில் காட்டுப்பூக்கள் மேஜையிலிருந்து தரைக்கு வழிகின்றன. மூன்றாவதில் பூவே இல்லை, வெறும் இலை. இவற்றில் உங்களுக்குப் பிடித்தது நிறமா, வடிவமா, அந்த இடமா, இல்லை படத்தில் விழுந்த சாய்வெயிலா? சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று நான்கு படம் போதும். "இதில் நிறம் பிடிக்கும், இவ்வளவு பெரிதாக வேண்டாம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லுங்கள். கட்டாயம் வேண்டாம் என்று நினைக்கும் படம் ஒன்றையும் எடுத்துப் போங்கள். நான் பார்த்தவரை, பேச்சை விறுவிறுவென்று நகர்த்துவது அந்த ஒரு படம்தான். இன்னொன்று: அந்த அழகான படங்களில் பல, படப்பிடிப்புக்காகவே செய்தவை. ஒரே ஒரு மேஜையில் முழுச் செலவையும் கொட்டியிருப்பார்கள். ஒரு மணி நேரம் நின்றால் போதும் அந்தப் பூவுக்கு. உங்களுக்கோ இருபது மேஜை, காலை முதல் இரவு வரை.

பூவை அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் சரக்காக நினைப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. அது ஒரு விளைச்சல். செடியில் அதற்கு ஒரு பருவம் உண்டு, வெட்டிய பிறகு அதற்கு ஒரு ஆயுள் உண்டு. இந்த இரண்டையும் மறந்து போடும் திட்டம் எங்காவது இடிக்கும்.

பியோனியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படங்களின் செல்லப்பிள்ளை அது, அடுக்கடுக்கான இதழோடு குண்டாக இருக்கும் பூ. வடகோளத்தில் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பூக்கும். தென்கோளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இடைப்பட்ட மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொண்டு "பியோனிதான் வேண்டும்" என்று நின்றால், எங்கோ தொலைவிலிருந்து விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கிடைக்கவே கிடைக்காது. துலிப்பும் ரானன்குலஸும் வசந்த காலத்துப் பூக்கள். டாலியா கோடையின் நடுவில் தொடங்கி முதல் உறைபனி வரைக்கும் வரும். ரோஜா ஆண்டு முழுக்கக் கிடைக்கும், ஆனால் பிப்ரவரி 14 நெருங்கும்போது அதன் விலை எங்கேயோ போய் நிற்கும். அந்த வாரத்தில் கல்யாணம் என்றால் சிவப்பு ரோஜாவை மறந்துவிடுவது நல்லது.

அதனால் பூவின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அதில் எது பிடித்தது என்று சொல்லிப் பாருங்கள். "அடுக்கடுக்காக இதழ் இருக்க வேண்டும், இளஞ்சிவப்பில், கொஞ்சம் குண்டாக" என்றால் பூக்காரர் அந்த மாதத்தில் கிடைக்கும் தோட்ட ரோஜாவையோ லிசியாந்தஸையோ காட்டுவார். விருந்தாளிகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. உங்களுக்குமே அன்றைக்குத் தெரியாது.

நிறத்துக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அடர் ஊதாவும் கருநீலமும் கலந்து மேஜைப் பூக்கள் சொல்லியிருந்தோம். பகலில் பூக்காரரின் பட்டறை வாசலில் மாதிரி பார்த்தபோது அள்ளிக்கொண்டு போகிற அழகு. மாலையில் மண்டபத்தில் மஞ்சள் விளக்கைக் குறைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவ்வளவுதான், ஊதா எல்லாம் கறுத்துப்போனது. மேஜை நடுவில் யாரோ கரி கொட்டியது போல இருந்தது. ஓரத்தில் செருகியிருந்த நாலு வெள்ளைப் பூ மட்டும் தனியாக மினுங்கியது. மங்கிய மஞ்சள் ஒளியில் நீலமும் ஊதாவும் உள்வாங்கிவிடும். வெள்ளை, கிரீம், பீச், வெளிர் மஞ்சள் எடுத்து நிற்கும். அந்தப் பூக்களைக் கட்டியவர் மேல் பிழை இல்லை. கல்யாணம் பகலிலா இரவிலா, விளக்கு எப்படி என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதே கதைதான் உடைக்கும். போன் திரையில் காட்டிய நிறமும் துணியின் நிறமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். விரல் நீளத் துண்டு ஒன்றைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி, கையோடு எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பூவோடு வைத்துப் பாருங்கள். குறிப்பாக வெள்ளை உடைக்கு. தூய வெள்ளைப் பூவின் பக்கத்தில் தந்த நிற உடை அழுக்கேறியது போலத் தெரியும். "வெள்ளைதானே" என்று விட்டுவிட்டால் படத்தில் அது காலத்துக்கும் நிற்கும்.

நீல ரோஜா கேட்பவர்களுக்கு ஒரு சேதி. ரோஜாவில் நீல நிறமி இயற்கையாகவே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து ஒன்றை உருவாக்கி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்வைக்கு வெளிர் ஊதாதான். கடையில் பளீரென்று நீலமாக இருப்பது சாயம் ஏற்றியது அல்லது தெளித்தது. ஈரக் கையில், வெளிர் உடையில் சில சாயங்கள் ஒட்டும். நீலம் வேண்டுமென்றால் டெல்ஃபினியம், ஹைட்ரேஞ்சியா என்று இயல்பிலேயே நீலமான பூக்கள் இருக்கின்றன.

ஆனால் ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒரு நிபந்தனை. அதற்குத் தாகம் அதிகம். குவளையில் தண்ணீரோடு இருக்கும்வரை ராணி போல நிற்கும். தண்ணீர் இல்லாமல் பூங்கொத்தில் கட்டி வெயிலில் நிற்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். வாடியதைத் தலைகீழாகத் தண்ணீரில் முக்கி வைத்தால் பெரும்பாலும் மறுபடி நிமிர்ந்துவிடும் என்பது வேறு விஷயம், ஆனால் சடங்குக்கு நடுவில் யார் முக்குவது? கார்டீனியாவைத் தொட்டாலே இதழ் பழுப்பாகும். கட்டியணைத்து வாழ்த்தும் கூட்டத்தில் சட்டையில் குத்திக்கொள்ள அது சரிவராது. துலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சத்தின் பக்கம் வளையும். முந்தின நாள் நேராக அடுக்கியது மறுநாள் காலை ஆளுக்கொரு திசை பார்க்கும். இந்தக் குணங்கள் எல்லாம் பூக்காரருக்கு அத்துப்படி. நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டுதான்: அந்தப் பூ எத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கும், எவ்வளவு சூட்டில் இருக்கும்.

பூவை முந்தின நாளே வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எல்லா வீட்டிலும் கிளம்பும். உள்ளே ஆப்பிளோ பழுத்த வாழையோ இருந்தால் அதிலிருந்து எத்திலீன் வாயு வரும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு கார்னேஷன் போன்ற பூக்களைச் சட்டென்று முதுமையாக்கும். ஆர்க்கிட், ஆந்தூரியம் மாதிரி வெப்பமண்டலப் பூக்களுக்கோ அந்தக் குளிரே ஆகாது, கறுத்துவிடும். பூக்காரரிடமே இருக்கட்டும்.

நேரம் சொல்லும்போது பலர் முகூர்த்த நேரத்தை மட்டும் சொல்கிறார்கள். கையில் பூங்கொத்து வேண்டியது அதற்கு முன்பே, புகைப்படக்காரர் முதல் படம் எடுக்கும்போது. மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள், வண்டி எந்த வாசல் வரை வரும், மாடிக்கு லிஃப்ட் உண்டா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். ஆறு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் செய்யச் சொன்னால் அது முகத்தில் தெரியும், பூவின் முகத்தில். பூங்கொத்து வந்ததும் அதை யார் வாங்கி எங்கே வைக்கிறார்கள் என்பதும் ஒரு ஆள் பொறுப்பாக இருக்கட்டும். 1947-ல் பிரிட்டன் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்தில், அரண்மனைக்குத் திரும்பிப் படம் எடுக்கும் வேளையில் பூங்கொத்தைக் காணோம். பின்பு தேனிலவின்போது மறுபடி கல்யாண உடை உடுத்திப் பூவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் டயானாவின் கல்யாணத்துக்கு முன்னெச்சரிக்கையாக ஒன்றுக்கு இரண்டாகப் பூங்கொத்து செய்து வைத்தார்கள். நமக்கு இரண்டு வேண்டியதில்லை. பொறுப்பான ஒரு சித்தி போதும்.

மேஜைப் பூவுக்கு ஒரு எளிய சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேஜையில் ஊன்றி, கையை மேலே நிமிர்த்துங்கள். பூவின் உச்சி அந்தக் கையின் உயரத்தைத் தாண்டக் கூடாது. இல்லையென்றால் கண் மட்டத்தைத் தாண்டி, மெல்லிய தண்டு வைத்து உயரத்தில் நிற்க வேண்டும். இடைப்பட்ட உயரம்தான் தொல்லை. எதிரே இருப்பவரின் முகம் தெரியாமல் விருந்தாளிகள் குவளையைத் தூக்கிக் கீழே வைத்துவிடுவார்கள், நீங்கள் செலவழித்தது நாற்காலிக் காலடியில் கிடக்கும். சாப்பாட்டு மேஜையில் நிலசம்பங்கி, ஹயசிந்த், வாசனை லில்லி வேண்டாம். வாசலில் கமகமவென்று வரவேற்கும் அதே வாசனை, சாப்பிடும்போது தலைவலி கொடுக்கும். லில்லியின் மகரந்தப் பைகளை முன்கூட்டியே கிள்ளிவிடச் சொல்லுங்கள். துணியில் பட்டுவிட்டால் ஈரக் கையால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் பணம். "நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள்" என்று பட்ஜெட்டை மறைத்து வைப்பது சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். மூன்று வாரம் கழித்து மூன்று மடங்கில் ஒரு மதிப்பீடு வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். இவ்வளவுதான் முடியும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், எதில் குறைக்கலாம் என்று அவரே யோசிப்பார். நீங்கள் கொடுப்பது பூவுக்கு மட்டுமான காசு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 20 மேஜை, மேஜைக்கு 15 தண்டு என்றால் 300 தண்டு. ஒவ்வொன்றிலும் அடி இலையை உருவி, முள்ளைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் நிறுத்தி, இறுகிய மொட்டாக வரும் ரோஜா விரிய ஒன்றிரண்டு நாள் காத்திருந்து, அப்புறம்தான் அடுக்குவது. "சின்னப் பூ, மலிவாகத்தான் இருக்கும்" என்ற கணக்கு இங்கே தவறிப்போகும். சின்னப் பூவுக்கு எண்ணிக்கை கூடும், வேலையும் கூடும்.

மேடைப் பூக்களை விருந்துக் கூடத்துக்கு நகர்த்தி மிச்சம் பிடிப்பது நல்ல யோசனைதான். யார் நகர்த்துவார்கள், எப்போது, எந்த வண்டியில் என்பது எழுத்தில் இல்லையென்றால் அது நடக்காது. உறவுக்காரப் பையன்கள் செய்வார்கள் என்று நம்பாதீர்கள், அந்த நேரம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எழுத்தில் இருக்க வேண்டிய இன்னொன்று, மாற்றுப் பூ. கேட்ட பூ அன்றைக்குச் சந்தைக்கு வராமல் போகலாம். மழை, விமானத் தாமதம், பூச்சி என்று ஆயிரம் காரணம். "நிறம் மாறக் கூடாது, பூ மாறலாம்" அல்லது நேர்மாறாக, உங்கள் விருப்பம் எதுவோ அதை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். மேஜை எண்ணிக்கையை இறுதி செய்யக் கடைசி நாள் எது என்றும் கேளுங்கள். பூ ஆர்டர் போன பிறகு நாலு மேஜை குறைந்தாலும் காசு குறையாது.

பூவைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம் கட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக்தான், உதிர்ந்து துகளாகும், மக்காது. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் அதற்குத் தடை போட்டிருக்கிறது. கோழி வலைக் கம்பியைச் சுருட்டியோ தண்டைக் குத்தி நிறுத்த ஊசிகள் பதித்த தட்டு வைத்தோ அடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, விழா முடிந்த இரவு. குவளைகள், தாங்கிகள், மெழுகுவர்த்திக் கூண்டுகள் பெரும்பாலும் வாடகைப் பொருள். விருந்தாளிகள் ஆசையோடு குவளையுடன் தூக்கிப் போனால், கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும். பூவை மட்டும் எடுத்துப் போக நாலு காகிதமும் நூலும் வாசலில் வைத்துவிடுங்கள். பூனை வளர்க்கும் வீட்டுக்காரர் கையில் லில்லியை மட்டும் கொடுக்காதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.