பாஸ் எல்லாம் எதிராளி காலுக்கே போகிறதா? முதலில் வேகமாக ஓடவைக்கும் ஆர்2 பட்டனிலிருந்து விரலை எடுங்கள்

ஈஏ எஃப்சி என்கிற கால்பந்து வீடியோ கேமை ஆடுகிற நிறைய பேர் (2023-ல் பெயர் மாறிய நம்ம பழைய ஃபிஃபாதான்) பாஸ் தப்பினால் உடனே கேமைத் திட்டுவார்கள். நானும் ரொம்ப நாள் திட்டினேன். அப்புறம் ஒருநாள் தோற்ற மேட்சின் ரீப்ளேயைப் பொறுமையாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: தப்பிய பாஸ்களில் பாதிக்கு மேல், என் ஆள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, முகம் ஒரு பக்கம் இருக்க, பந்தை முதுகுப் பக்கம் தள்ளியவை.

இந்த கேமில் பாஸ் கொடுப்பவரின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பந்து எந்தக் காலில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும். வீக் ஃபுட் (பழக்கமில்லாத காலின் திறமை, 5 ஸ்டாருக்கு) 2 ஸ்டார் உள்ள டிஃபெண்டரை வைத்துக்கொண்டு திரும்பாமலே நீள பாஸ் அடித்தால் அது எங்கேயோதான் போகும். பெல்ஜியத்தின் மிட்ஃபீல்டர் கெவின் டி புருய்னவுக்கு வீக் ஃபுட் 5 ஸ்டார், அவர் எந்தக் காலிலும் அடிப்பார், உங்கள் சென்டர் பேக் அடிக்க மாட்டார். அதனால் பந்து வந்ததும் ஆர்2-வை விட்டுவிட்டு (இங்கே சொல்வதெல்லாம் பிளேஸ்டேஷன் பட்டன்கள், எக்ஸ்பாக்ஸில் இது ஆர்டி), இடது ஸ்டிக்கால் பாஸ் போக வேண்டிய திசைக்கு ஆளைத் திருப்பி, அப்புறம் பாஸ் பட்டனான எக்ஸை அழுத்துங்கள். அரை நொடிதான் கூடுதலாக ஆகும்.

அடுத்தது பவர். பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்பது வேகத்தை மட்டுமில்லை, பாஸ் யாருக்குப் போகிறது என்பதையும் மாற்றும். ஒரே கோட்டில் இரண்டு பேர் நின்றால், லேசாகத் தட்டினால் பக்கத்து ஆளுக்கு, கொஞ்சம் பிடித்தால் தூரத்து ஆளுக்கு. இடையில் எதிராளி கால் நீட்டுவான் என்று தோன்றினால் ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு எக்ஸ். பந்து சீறிக்கொண்டு போகும், ஆனால் வாங்குபவருக்கு அதை அடக்குவது கஷ்டம், எனவே பத்தடி தூரத்தில் நிற்பவனுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

த்ரூ பால் (ஓடும் ஆளுக்கு முன்னால் காலி இடத்தில் போடும் பாஸ்) விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு பேராசை உண்டு. அதற்கான ட்ரையாங்கிள் பட்டனைக் கண்டபடி தட்டுவது. ஓடாத ஆளுக்கு த்ரூ பால் போட்டு என்ன பயன்? முதலில் எல்1-ஐ ஒரு தட்டுத் தட்டினால் நீங்கள் பார்க்கும் பக்கம் இருக்கும் ஆள் ஓட ஆரம்பிப்பான், அவன் டிஃபெண்டரின் தோளைத் தாண்டப் போகும் நேரம் பார்த்து விடுங்கள், முன்னாடியே விட்டால் கீப்பர் எடுப்பார், தாமதித்தால் ஆஃப்சைட். எல்1-ஐப் பிடித்துக்கொண்டு எக்ஸ் அழுத்தினால் பாஸ் கொடுத்தவனே முன்னால் ஓடுவான். சுவர் மாதிரி நிற்கும் டிஃபென்ஸை உடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

கேமராவையும் ஒருமுறை பாருங்கள். ஜூமைக் குறைத்து உயரத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்கம் தனியாக நிற்கும் விங்கர் கண்ணில் படுவார். ஆட்கள் கொஞ்சம் எறும்பு மாதிரித் தெரிவார்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

பாஸ் அசிஸ்டன்ஸை (பாஸின் குறியில் கேம் எவ்வளவு உதவும் என்கிற செட்டிங்) உதவியே இல்லாத மேனுவலுக்கு மாற்றச் சொல்லி யாராவது அளந்தால் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். அசிஸ்டட்டிலேயே இருங்கள், கேமிலேயே இருக்கும் ஸ்கில் கேம்ஸ் என்கிற பயிற்சி ஆட்டங்களில் பாஸிங் பகுதியைத் தினம் பத்து நிமிடம் ஆடிவிட்டு மேட்சுக்குப் போங்கள்.

எதிராளி நெருக்கும்போது பின்னால் பாஸ் கொடுப்பதில் வெட்கமே வேண்டாம், கீப்பர் வரைக்கும்கூடப் போகலாம். ஆனால் கோலுக்கு நேராக அடிக்காமல் கொஞ்சம் ஓரமாகக் கொடுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், 89-வது நிமிடம், ஸ்கோர் 1-1.